குவாரண்டைனுக்குக் ‘காப்பிருப்பு’ பொருந்துமா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குவாரண்டைன், ஐசொலேஷன் இரண்டுக்கும் தமிழில் ‘தனிமைப்படுத்தல்’ ஒன்றே போதும் என்று குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது என்பது என் கருத்து. நோய் கண்டவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். நோயாளியோடு பழகியவர், தனக்கு வருமா வராதா என்று தெரிகிறவரை விலகி இருப்பது குவாரண்டைன். ஒரே சொல்லை நம்பி இருவரையும் ஒரே கூடத்தில் படுக்க வைத்தால் தொற்றாதவருக்கும் தொற்றிவிடும்.

2020 கொரோனாக் காலத்தில் எங்கள் கடற்கரை ஊர்களில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டு வாசலில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று ஒட்டினார்கள். உள்ளே இருந்தவருக்குக் காய்ச்சல்கூட இல்லை. தெரு அவரை நோயாளியாகவே பார்த்தது. மீன் விற்கிற அம்மா அந்த வாசலில் கூடையை இறக்கவில்லை. அப்புறம் வந்தவர்கள் ஊர் வந்ததையே மறைக்கப் பார்த்தார்கள். மறைத்தால் நோய்த் தடுப்பு அங்கேயே தோற்றுப்போகிறது.

குவாரண்டைன் எங்களுக்குப் புதிதும் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றும் முன் நிறுத்தி வைக்க, இலங்கை அரசு ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் முகாம் நடத்தியது. காலராவும் அம்மையும் தீவுக்குள் போய்விடக் கூடாது என்ற பயம். ‘மண்டபம் கேம்ப்’ என்று ரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது.

குவாரண்டைனுக்கு ‘நாற்பதிருப்பு’ என்று சொல்லலாம் என ஒருவர் சொன்னார். குவாரண்டா என்றால் இத்தாலியில் நாற்பதுதான். ஆனால் 1377இல் கொள்ளைநோய்க்குப் பயந்து ரகூசா (இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக்) துறைமுகம் விதித்தது 30 நாள். இன்று காலராவுக்கு 5, எபோலாவுக்கு 21 என்று நோய்க்கு நோய் கணக்கு மாறுகிறது. எண் வேண்டாம். ‘ஒதுக்கம்’ கூடவே கூடாது. ஊரை விட்டு ஒதுக்கி வைத்த கொடுமை அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது. ‘காவல்’ என்றால் போலீஸ் வாடை.

நான் முன்வைப்பது ‘காப்பிருப்பு’. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் குறித்த நாள்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. அவரை யாரும் இளப்பமாகப் பார்ப்பதில்லை, மரியாதைதான் கூடுகிறது. காப்பு அவிழ்த்ததும் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார். ஒரு மதத்துச் சடங்காகத் தோன்றாதா என்று யாராவது கேட்கலாம். பாதுகாப்பு, காப்பகம், காப்பீடு எல்லாம் எல்லோரும் புழங்குகிற சொற்கள்தானே. சர்ச் தெருவிலும் பள்ளிவாசல் தெருவிலும் இது உறுத்தாது என்றே நம்புகிறேன்.

புழங்கிப் பார்ப்போம். ஒரே விசைப்படகில் போய் வந்தவர்களில் ஒருவருக்கு நோய் உறுதியாகிறது. அவருக்குத் ‘தனிமைப்படுத்தல்’, மற்றவர்களுக்கு ‘வீட்டுக் காப்பிருப்பு’. ‘காப்பிருப்பு முகாம்’, ‘காப்பிருப்பு நாட்கள்’, ‘காப்பிருப்பு முடிந்தது’ என்று தடையில்லாமல் வருகிறது.

எனக்குத் தீராத இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும், முட்டையிடும் தாய் இறாலையும் தனியே வைத்து நோய் பார்த்துத்தான் குஞ்சு பொரிப்பகத்துக்கு விடுகிறார்கள். அதற்கும் காப்பிருப்பு சரியா, வேறு சொல் வேண்டுமா? மீன்வளத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.