காற்றில் பாடும் குழாய் மரம்: பர்ன்லியின் நெசவுக்கு அது நினைவுச்சின்னம் ஆகுமா?

மலைநடையன்:
போன ஞாயிறு இங்கிலாந்தின் பர்ன்லி ஊருக்கு மேலே, கிரௌன் பாயின்ட் மேட்டுக்குப் போயிருந்தேன். 'சிங்கிங் ரிங்கிங் ட்ரீ' என்ற சிற்பம் அங்கே நிற்கிறது. மைக் டோங்கின், அன்னா லியூ என்ற கட்டடக் கலைஞர்கள் 2006இல் அமைத்தது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை அடுக்கி, காற்றில் சாய்ந்த மரம்போலக் கட்டியிருக்கிறார்கள். உயரம் 3 மீட்டர். காற்று புகுந்தால் அடித்தொண்டையில் முனகுகிறது. ஒரு குழாயில் உள்ளங்கையை வைத்தேன். அதிர்வு மணிக்கட்டு வரை ஏறியது. பருத்தி நெசவால் வாழ்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லை என்பேன்.

ஊடைநூல்:
எனக்கு உடன்பாடில்லை. அதில் நெசவு எங்கே இருக்கிறது? தறி உண்டா, குறுக்கே நூலோட்டும் ஓடம் உண்டா? ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் விசைத்தறிகள் ஓடிய ஊர் அது.

மலைநடையன்:
அந்தத் தறிகளை அங்கே கொண்டுவந்ததில் இந்த வானிலைக்கும் பங்கு உண்டு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று பென்னைன் மலையில் ஏறும்போது மழையாகக் கொட்டுகிறது. ஈரப்பதம் இருந்தால் பருத்தி நூல் எளிதில் அறாது.

கோவைக்காரன்:
இது உண்மை. கோவையில் நூற்பாலையில் வேலை பார்த்தவன் நான். வறண்ட காற்றில் இழை அறுந்துகொண்டே இருக்கும், முடிச்சுப் போட்டே கை ஓய்ந்துவிடும். நாங்கள் இயந்திரம் வைத்து ஈரத்தை உண்டாக்கினோம்.

ஊடைநூல்:
சரி அண்ணா, ஆனால் பர்ன்லி இருக்கும் லங்காஷயரிலும் வானம் தந்த ஈரம் முதலாளிகளுக்குப் போதவில்லை. தறிக்கூடத்துக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். உடுப்பு நனைந்த பெண்கள் வேலை முடிந்து அப்படியே குளிரில் வீட்டுக்கு நடந்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் 1889இல் ஈரப்பதத்துக்கு வரம்பு கட்டிச் சட்டம் வந்தது. அப்புறம் சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வாயை அகலமாக அசைத்து உதட்டைப் படித்தே பேசிக்கொண்டார்கள். அதற்கு 'மீ-மா' என்று பெயரே உண்டு. பலருக்குக் காது போயிற்று.

அதே பர்ன்லியில் குவீன் ஸ்ட்ரீட் ஆலை இருக்கிறது. நீராவியில் இயங்கும் தறிக்கூடம் அது. எஞ்சினுக்கு 'பீஸ்' என்று பெயர். நிதி இல்லை என்று 2016இல் அந்த அருங்காட்சியகத்தை மாவட்ட நிர்வாகம் மூடியது. பிறகு திறந்தார்கள் என்றாலும், எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

மலைநடையன்:
நீராவி பாய்ச்சிய கதை எனக்குத் தெரியாது. வானிலை தானாகவே எல்லாம் செய்ததுபோல நான் எழுதியது தவறு. ஆனால் சிற்பத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். கைவிட்ட தொலைத்தொடர்பு நிலையம் இருந்த இடம் அது. இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். என் மகள் குழாயில் காதை வைத்துக் கால்மணி நேரம் நகரவில்லை. அவள்தான், "கீழே இருக்கும் புகைபோக்கி எதுக்குப்பா?" என்று கேட்டாள்.

ஊடைநூல்:
அப்படியென்றால் அவளை ஆலைக்கும் கூட்டிப் போங்கள். நான் போனபோது சில தறிகளை மட்டும்தான் ஓட்டிக் காட்டினார்கள். தரை அதிர்வது செருப்பு வழியே தெரிந்தது. வெளியே வந்து பேருந்து ஏறும்வரை காதில் இரைச்சல் அடங்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினால், அந்த முனகல் அவளுக்கு வேறு மாதிரி கேட்கும்.