குளிர்ந்த நன்னீர் ஏரிகளில் மூழ்கிய கப்பல்கள்: திருகோணமலைச் சுழியோடிக்கு என்ன ஆயத்தம் தேவை?

உப்புவெளிச் சுழியோடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உப்புவெளியில் சுழியோட வருபவர்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். சோளகக் காலம் முழுவதும் புறாமலையைச் சுற்றியும் கோணேசர் மலையடியிலும் நீருக்குள் இருப்பவன் என்பதால், 28 அல்லது 29 பாகை செல்சியஸ் நீர்தான் எனக்குப் பழக்கம்; உடலோடு ஒட்டும் ரப்பர் உடையான மெல்லிய வெட் சூட்டுக்கு மேல் எதையும் அணிந்ததில்லை. மூழ்கிய இரும்புக் கப்பல்கள் எனக்குப் புதியவை அல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடப்பதால், ஆழத்துக்குரிய பயிற்சியை முறையாக முடித்த பிறகே அங்கே இறங்கினேன்.

அக்கா குடும்பத்தோடு கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறார். இங்கே பருவம் முடிந்து வாடைக்காற்று தொடங்குவதற்கு இடையில், செப்டெம்பர் கடைசியில், அவரிடம் போகவிருக்கிறேன். ஹியூரன் ஏரியின் ரொபர்மோரியில் ஸ்வீப்ஸ்டேக்ஸ், ஆரேபியா ஆகிய இரண்டு மரக் கப்பல்களையும் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பாய்மரக் கப்பல் ஒன்று நூறு ஆண்டுகளுக்கு மேல் நீருக்குள் உருக்குலையாமல் இருப்பதை நம் கடலில் காண முடியாது. என் அனுபவம் அங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் என் ரெகுலேட்டரையே கொண்டு போகலாமா? நேரே ஆரேபியாவில் இறங்குவது சரியா? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

ஏரிக்கரை எழுதியது:

தம்பி, ஹெர்மிஸ் வரை போய் வந்தவருக்கு ஆழத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுபவம் முழுவதும் வெந்நீர் போன்ற கடலில் பெற்றது. குளிர்ந்த ஏரி உங்கள் உடலையும் விரல்களையும் கருவிகளையும் வேறு விதமாக நடத்தும் என்பதால், இதைப் புதிய பயிற்சியாகவே கருதுங்கள்.

நன்னீர் 4 பாகையில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். ஆகவே ஏரி குளிரும்போது 4 பாகை நீர் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. கோடை வெயில் மேல் அடுக்கை மட்டுமே சூடாக்குகிறது. செப்டெம்பரில் மேலே இதமாக இருக்கும் நீரில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, ஓரிடத்தில் எல்லை போட்டது போலக் குளிர் முகத்தில் அறையும். சூடான நீரும் குளிர்ந்த நீரும் பிரியும் இந்த எல்லையை, அதாவது தெர்மோகிளைனை, திருகோணமலையிலும் கண்டிருப்பீர்கள், ஆனால் அது சில பாகை வித்தியாசம் மட்டுமே. இங்கே அந்த எல்லைக்குக் கீழே 4 முதல் 6 பாகைதான். முகத்தில் குளிர் பட்டவுடன் மூச்சு தானாகவே வேகமெடுக்கும். அது அடங்கும் வரை கயிற்றைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் பிறகு இறங்குங்கள்.

எனவே நீர் உள்ளே புகாத டிரை சூட் தேவை. தடித்த வெட் சூட்டோடு இறங்குபவர்களும் உண்டு என்றாலும், 30 மீட்டர் ஆழத்தில் அந்த ரப்பர் நசுங்கி, மிகவும் வேண்டிய இடத்திலேயே கதகதப்பைக் கொடுக்காமல் போய்விடும். டிரை சூட்டை வாடகைக்கு எடுத்து அதே நாளில் கப்பலுக்குப் போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். உடைக்குள் இருக்கும் காற்று கால்பக்கம் ஓடிவிட்டால், தலைகீழாக மேல்நோக்கி இழுபடுவீர்கள். அதிலிருந்து மீளும் முறையைப் பயிற்றுநரோடு ஆழமற்ற நீரில் பழகியிருக்க வேண்டும். ரொறன்ரோவைச் சுற்றி இந்தப் பயிற்சியைக் கொடுக்கும் கடைகள் உள்ளன. அக்காவின் வீட்டில் தங்கும் முதல் வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

மிதக்காமல் இறங்குவதற்காகக் கட்டும் ஈயத்தின் கணக்கும் மாறும். கடல்நீரைவிட நன்னீர் ஏறத்தாழ இரண்டரை வீதம் அடர்த்தி குறைந்தது; நீங்களும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால் சுமார் இரண்டரைக் கிலோ ஈயம் குறைய வேண்டும். ஆனால் டிரை சூட்டும் உள்ளே அணியும் தடித்த உடுப்பும் அதைவிட அதிகமாக மிதக்கச் செய்யும் என்பதால், கடைசியில் நீங்கள் இதுவரை கட்டியிராத அளவு ஈயத்தைக் கட்ட வேண்டியிருக்கும். சிலிண்டரின் அழுத்தமும் உங்களைத் திகைக்க வைக்கக்கூடும்: 30 பாகையில் 200 பார் (அழுத்த அலகு) காட்டியது 4 பாகையில் ஏறத்தாழ 183 பார்தான் காட்டும். காற்று கசியவில்லை, குளிரில் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் திரும்பும் கணக்கைக் குறைந்த எண்ணிலிருந்தே போடுங்கள். ஹியூரன் ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 176 மீட்டர் உயரத்திலேயே இருப்பதால், மலை ஏரிகளுக்கான உயரக் கணக்கு இங்கே வேண்டியதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரை நன்னீருக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

திருக்கடலூர்ப் பட்டறை எழுதியது:

ரெகுலேட்டரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது என் கையில் தினமும் புழங்கும் பொருள். தம்பி, உங்களுடையதைக் கொண்டு போக வேண்டாம்.

சிலிண்டரில் நெருக்குண்ட காற்று, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. 28 பாகைக் கடலில் சுற்றியுள்ள நீரே உலோகத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடும். 4 பாகை நன்னீரில் கொடுப்பதற்கு வெப்பமும் இல்லை. கடல்நீரைப் போல உறைநிலையைத் தாழ்த்தும் உப்பும் இல்லை. அதற்குள் உள்ள சுருள்வில்லைச் சுற்றி நிற்கும் நீர் பனிக்கட்டியாகி, வால்வைத் திறந்த நிலையிலேயே பிடித்துவிடும். அதன் பிறகு காற்று நிற்காமல் கொட்டும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகும். நம் ஊரில் புழங்கும் பல ரெகுலேட்டர்கள் நீர் உள்ளே புகும் பிஸ்டன் வகை. குளிர்நீருக்கு நீர் புகாதபடி மூடிய ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 250, 10 பாகைக்குக் கீழ்ப்பட்ட நீரைக் குளிர்நீர் என்றே கொண்டு அதற்குத் தனிச் சோதனை வைத்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சில நாட்களுக்கு முன் பழுதுபார்க்க வந்த ஒன்றைத் திறந்தேன். காற்று நுழையும் வாயில் இருக்கும் சிறு வடிகட்டி, வெள்ளிபோல் இருக்க வேண்டியது, முழுவதும் பச்சை பிடித்திருந்தது. நம் காற்றின் ஈரப்பதத்தில் கம்பிரசரின் வடிகட்டியை உரிய நேரத்தில் மாற்றாவிட்டால், ஈரம் சிலிண்டருக்குள் போய்விடும். இங்கே அது துருவும் பச்சையுமாக முடியும். அங்கே அதே ஈரம் உள்ளேயே பனியாகும்.

கரையில் நின்று ரெகுலேட்டரைச் சோதிப்பதாக நினைத்து இழுத்து இழுத்து மூச்சுவிடாதீர்கள். வாயின் ஈரம், வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜில் உறையும். நீருக்குள் போன பின்பே மூச்சைத் தொடங்குங்கள். டிரை சூட்டில் காற்றை நிரப்பும் அதே கணத்தில் மூச்சை இழுக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் காற்றோட்டம் கூடி உறைவதும் விரைவுபடும். ஒரே வால்வில் இரண்டு வாய்கள் உள்ள சிலிண்டரில் இரண்டு தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களைப் பொருத்தி, கொட்டுவதை மூடிவிட்டு மற்றதில் மூச்சுவிடுவதே அங்கு விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். கொட்டும் ரெகுலேட்டரிலிருந்து உதட்டோரமாகக் காற்றை எடுப்பதை நிலாவெளியில் ஐந்து மீட்டர் ஆழத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, இப்போதே பழகுங்கள்.

உப்புவெளிச் சுழியோடி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரெகுலேட்டரை அங்கேயே வாடகைக்கு எடுக்கிறேன். ஆரேபியாவைப் பற்றி யாராவது எழுத முடியுமா? அதன் சரக்கறைக்குள் நுழைந்து பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன்.

கிங்ஸ்டன் வாசகி எழுதியது:

அண்ணா, நுழைய வேண்டாம். ஆரேபியா 1853இல் நான் இருக்கும் இந்தக் கிங்ஸ்டனில் கட்டப்பட்டு, 1884இல் சோளம் ஏற்றிச் சென்றபோது மூழ்கியது. அது கிடப்பது 30 மீட்டருக்கும் கீழே. ஆழத்தில் நைட்ரஜனால் வரும் மயக்கம், குளிரில் மரத்த விரல்கள், டிரை சூட், காற்றுக் கணக்கு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் உங்கள் கவனத்தைக் கேட்கும் இடம். சூடான கடலில் 50 மீட்டர் போனவர்கள்கூட இங்கே பதற்றமடைந்ததைக் கண்டிருக்கிறேன். தடித்த கையுறையோடு கொக்கியைக் கழற்ற முடியாமல் தடுமாறும் நேரத்தில் காற்று குறைந்துகொண்டே போகும். மேலே வரும்போது உடல் குளிர்ந்திருந்தால் திசுக்களிலிருந்து நைட்ரஜன் வெளியேறுவதும் தாமதமாகும் என்பதால், கம்ப்யூட்டர் காட்டும் எல்லைக்கு நன்றாக முன்பே ஏறிவிடுங்கள்.

முதலில் ஸ்வீப்ஸ்டேக்ஸைப் பாருங்கள். 1867இல் கட்டப்பட்ட அந்த இருபாய்மரக் கப்பல் 1885இல் சேதமடைந்து பிக் டப் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டு அங்கேயே மூழ்கியது. ஆழம் ஆறு மீட்டர் அளவுதான். கப்பலின் பக்கப் பலகைகள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு இந்த ஏரிகளில் இல்லை. குளிரும் அழுகலைத் தாமதப்படுத்துகிறது. சுப்பீரியர் ஏரியில் 1927இல் மூழ்கிய காம்லூப்ஸின் இயந்திர அறையில் கப்பலோட்டி ஒருவரின் உடல்கூட உருக்குலையாமல் இருக்கிறது. இவை பலருடைய கல்லறைகளும் ஆகும் என்பதால் மரியாதையோடு அணுகுவதே இங்குள்ளவர்களின் வழக்கம்.

1980களின் இறுதியில் கப்பல்களின் வழியாக வந்து சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பிகளும் அவற்றின் இனமான குவாகா சிப்பிகளும் சுப்பீரியருக்குக் கீழுள்ள ஏரிகளின் கப்பல்களில் அடர்த்தியாகப் படிந்துள்ளன. அவை நீரை வடித்துத் தெளிவாக்கியிருப்பதால் தூரம் வரை பார்க்க முடிகிறது. ஆனால் செதுக்கு வேலைப்பாடும் பெயர்ப் பலகையும் அவற்றின் அடியில் மறைந்துபோகின்றன. அவற்றைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம், மரமும் சேர்ந்து பெயர்ந்து வரும். ரொபர்மோரியின் கப்பல்கள் 1987இல் அமைந்த ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல்சார் பூங்காவுக்குள் இருப்பவை. சுழியோடுவதற்கு முன் பூங்காவில் பதிவு செய்ய வேண்டும். ஓர் ஆணியைக்கூட எடுத்து வர அனுமதி இல்லை.

ஒக்டோபர் பிறந்தால் இங்கே காற்று எழுந்து படகுகள் பல நாட்கள் துறையிலேயே கிடக்கும். ஆகவே செப்டெம்பர் இறுதியில் வந்து, ஒரு வாரம் பயிற்சிக்கும் செலவிட்டால், உங்களுக்கு மிஞ்சும் நாட்கள் குறைவு. இரண்டு வாரம் முன்கூட்டியே வர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இந்த ஆண்டு ஸ்வீப்ஸ்டேக்ஸோடு நிறுத்தி, ஆரேபியாவை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரொபர்மோரியில் நனைந்த உடுப்பையும் மிதவைச் சட்டையான பி.சி.டி.யையும் நன்றாகக் கழுவி உலர்த்தாமல் உள்நாட்டுச் சிற்றேரி எதிலும் இறங்காதீர்கள்; சிப்பிகளின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அந்த ஈரத்திலேயே பயணம் செய்துவிடும்.