புதுநன்மை விருந்துக்கு எந்தத் தட்டு?

ரீட்டா: ஞாயிற்றுக்கிழமை சின்னவளின் புதுநன்மை. திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் விருந்து. தூக்கி எறியும் தட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் சொல்லிவிடட்டுமா?

ஸ்டெல்லா அத்தை: சொல்லிவிடு.

அந்தோணி சித்தப்பா: பொறு ரீட்டா. திருத்தந்தை பிரான்சிஸ் பூமியைப் பேணுவது பற்றி 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் 211-ஆம் பத்தியைப் படித்துப் பார். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, குப்பையைப் பிரிப்பது, உண்ணும் அளவுக்கே சமைப்பது, மரம் நடுவது, வீணாக எரியும் விளக்கை அணைப்பது என்று எல்லாமே வீட்டு வேலைகள். 236-ஆம் பத்தி, திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக நாம் பெறும் நற்கருணையைப் பற்றியது. படைப்பு முழுவதும் நற்கருணையில்தான் உயர்வின் உச்சத்தை அடைகிறது என்கிறார். குழந்தை முதன்முதலாக அதைப் பெறும் நாளில் மண்டபத்துக்குப் பின்னால் நாம் குப்பையைக் குவிக்கலாமா?

ஜெரால்டு: மறையுரை இங்கேயுமா சித்தப்பா?

ஸ்டெல்லா அத்தை: வெள்ளை உடை தைத்து வந்துவிட்டதா?

ரீட்டா: கை நீளமாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தோணி சித்தப்பா: குப்பைமேட்டை ஒட்டி வாழ்பவர்கள் யார்? ஏழைகள். பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது திருமடல். இது புதிய போதனையும் அல்ல. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990 உலக அமைதி நாள் செய்தியையே படைப்பைப் பேணுவதற்காகத்தான் எழுதினார். தொடக்கநூலிலேயே தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும்தானே மனிதனை வைத்தார் கடவுள்?

பிலோமினா அத்தை: மரம் நடுவது இருக்கட்டும். கார் நிறுத்துவதற்காக அப்பா நட்ட மரத்தை வெட்டியது யார்?

ஜெரால்டு: தொடங்கிவிட்டது.

அந்தோணி சித்தப்பா: அக்கா, வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னவன் நான். அண்ணன் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

சேவியர் பெரியப்பா: விருந்து எத்தனை மணிக்கு?

ரீட்டா: மண்டபத்திலேயே கழுவிப் பயன்படுத்தும் தட்டுகள் இருக்கின்றன. கேட்டுப் பார்க்கட்டுமா?

ஸ்டெல்லா அத்தை: கழுவுவது யார்? போன கிறிஸ்துமஸுக்கும் நானும் நீயும்தான் நின்றோம்.

அந்தோணி சித்தப்பா: இந்த முறை ஆண்கள் கழுவுகிறோம். நானும் ஜெரால்டும்.

ஜெரால்டு: என்னைக் கேட்கவே இல்லையே! நான் படம் எடுக்க வேண்டும்.

அந்தோணி சித்தப்பா: எடுத்துவிட்டு வா.

ரீட்டா: சரி, தட்டு மண்டபத்தில். பாட்டில்?

பிலோமினா அத்தை: வயதானவர்களுக்கு பாட்டில்தான் வசதி.

அந்தோணி சித்தப்பா: பெரிய கேனும் டம்ளரும் போதும் அக்கா. உங்களுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

பிலோமினா அத்தை: பார்க்கலாம்.

ரீட்டா: பாட்டிலை இரவு பேசிக்கொள்வோம். பெரியப்பா, 11 மணிக்கு. உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று இன்னும் சொல்லவில்லை. அளவாகச் சமைக்க வேண்டும்.