அப்பாவின் குரலைக் குழந்தை அறியுமா?

பச்சிளங்குழந்தைகள் குரலை எப்படி இனங்காண்கின்றன என்பதைச் சென்னையில் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறேன். தன் குரல் பிள்ளைக்குத் தெரியுமா என்று அம்மாக்கள் என்னிடம் கேட்பதே அரிது. அப்பாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அவர்களில் மணலியிலிருந்து வந்த கன்டெய்னர் லாரி ஓட்டுநர் ஒருவரை மறக்க முடியாது. "அவங்க அம்மா பேசினா உடனே அழுகைய நிறுத்துறா, நான் பேசினா நிறுத்துறதே இல்ல. என் குரல் அவளுக்குப் புடிக்கலையா, மேடம்?" என்று ஒருமாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

1980இல் உளவியலாளர்கள் டிகாஸ்பரும் ஃபைஃபரும் வெளியிட்ட ஆய்வில், ரப்பர் நிப்பிளைச் சப்பும் இடைவெளியைப் பொறுத்துத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலித்தது; பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், தாயின் குரல் ஒலிக்கும்படி அந்த இடைவெளியை மாற்றிக்கொண்டன. இதைப் பலரும் அறிவார்கள். 1984இல் டிகாஸ்பரும் பிரெஸ்காட்டும் செய்த ஆய்வைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை: தந்தையின் குரலை மற்றோர் ஆணின் குரலைவிட அதிகமாக விரும்பியதாகத் தெரியாவிட்டாலும், இரண்டும் வேறு என்பதைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. விரும்பித் தேடுவது வேறு, வேறுபாடு அறிவது வேறு என்பதை அந்த ஓட்டுநருக்குப் பொறுமையாக விளக்கினேன். தாயின் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி அவள் உடலின் வழியாகவும் கருவை எட்டுகிறது; வெளியிலிருந்து வரும் ஒலியோ, குறிப்பாக அதன் உச்ச அதிர்வெண்கள், வயிற்றைக் கடக்கையில் மங்கிவிடுகின்றன. (வளைகாப்பு வளையல் ஓசையைப் பற்றிக் கேட்கும் பாட்டிகளுக்கும் இதையே சொல்கிறேன், வளையலைவிட, அதை அணிந்தவளின் பேச்சே உள்ளே நன்றாகக் கேட்கும்.)

அன்று வேறோர் ஆணின் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டோம். குழந்தை மெல்லச் சலித்து, சப்புவது தளர்ந்தது. தந்தையின் குரலுக்கு மாற்றியதும் அவள் விழிகள் அகன்றன, நிப்பிளைப் பற்றியிருந்த கன்னம் அடுத்தடுத்து வேகமாகக் குழிந்தது. ஒரு குழந்தையின் ஒரே அமர்வை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று அவரிடம் அழுத்தமாகவே சொன்னேன். அவர் தலையசைத்தார், ஆனாலும் குழந்தை சப்பும் வேகத்தைக் காட்டித் திரையில் எழும்பிய கோட்டைத் தன் செல்போனில் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கொடுத்தேன்.

இப்போது பெற்றோருக்குத் தரும் தகவல் தாளில் 1980இன் முடிவையும் 1984இன் முடிவையும் சேர்த்தே அச்சிடுகிறோம்.