லியோன் நகரத்து நெசவாளர் சமையலை ஆரணி வீட்டு அடுப்பில் செய்வது எப்படி?

ஆரணித் தறிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆரணியில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. தறிக்கு மேலே உத்தரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும், சேலையில் பூவேலை நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டியையும், அப்பா மிதியை அழுத்தும்போதெல்லாம் தடக்கென்று திரும்பும் துளையிட்ட அட்டைகளையும் பார்த்தே வளர்ந்தவள் நான். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், ஜோசப் மரி ஜக்கார் என்பவர் 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் அந்தப் பொறியை உருவாக்கினார் என்பதும், மகளின் பாடத்துக்காகத் தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஊரிலும் பட்டு நெசவாளர்கள் இருந்தார்கள், அவர்களுக்கென்று ஒரு சாப்பாடு இருந்தது என்று படித்ததிலிருந்து அதைச் சமைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மனத்தை விட்டுப் போகவில்லை.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. இரண்டு பர்னர் எரிவாயு அடுப்பு, கனமான இரும்பு வாணலி, தோசைக்கல், குக்கர் இவ்வளவுதான். ஒயினும் பன்றி இறைச்சியும் சேர்க்க மாட்டோம். அம்மா செவ்வாய், வெள்ளி, கிருத்திகை நாட்களில் கவுச்சி தொடமாட்டார். ஒருமுறை வெங்காய சூப் செய்தேன். வெங்காயம் ஓரத்தில் கருகி நடுவில் வேகாமல் நின்றது, சூப்பும் நீர்த்துப் போய்விட்டது. ஓட்டல் பண்டங்கள் எனக்கு வேண்டாம், தறிக்காரர்கள் சாப்பிட்டதே வேண்டும். எதில் தொடங்கலாம் என்று விவரமறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சத்துவாச்சாரி அடுப்படி எழுதியது:

சகோதரி, வெங்காயத்திலேயே தொடங்குங்கள். லியோன் சமையலில் பாதி வெங்காயம்தான். நீங்கள் தீயைக் கூட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குழம்புக்குத் தாளிக்கும் வேகத்தில் இதைச் செய்ய முடியாது.

நான்கு பேருக்கு 1 கிலோ பெரிய வெங்காயத்தை நெடுக்குவாட்டில் மெல்லியதாக அரிந்துகொள்ளுங்கள். இரும்பு வாணலியில் 50 கிராம் வெண்ணெயும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டு, வெங்காயத்தையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் போட்டு, முதல் 15 நிமிடம் மூடி வைத்துச் சிறு தீயில் வேகவிடுங்கள். உப்பு நீரை இழுத்துவிடும். வெங்காயம் தன் நீரிலேயே துவண்டு குவியல் பாதியாகிவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, இன்னும் 45 நிமிடத்துக்குக் குறையாமல் அடுப்பருகே நில்லுங்கள். வாணலியின் அடியில் பழுப்பு ஒட்டத் தொடங்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மரக்கரண்டியால் சுரண்டி வெங்காயத்தோடு சேர்த்துவிட வேண்டும். கருகும் முன் இப்படி நான்கைந்து முறை செய்தால், சர்க்கரை ஒரு சிட்டிகை கூடப் போடாமல் வெங்காயம் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்து தானாகவே இனிக்கும். சூப்பின் ருசி முழுவதும் அந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவிப் புரட்டி, 1¼ லிட்டர் எலும்புச் சாறு ஊற்றி 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒயின் கொடுக்கும் புளிப்புக்கு, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் போதும். இனிப்பில்லாத ரொட்டியை முதல் நாளே வெட்டிக் காயவைத்து, சீஸ் துருவிப் போட்டு, தோசைக்கல்லில் மூடி போட்டு உருக்கினால் ஓவன் தேவைப்படாது.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையில் செய்து கொடுக்க ஒன்று இருக்கிறது. அதன் பெயர் செர்வெல் த கனூ, அதாவது நெசவாளியின் மூளை. கனூ என்பது லியோனில் பட்டுத் தறிக்காரரைக் குறிக்கும் சொல். பெயரில்தான் மூளை, உள்ளே இருப்பது புதுப் பாலாடைக்கட்டி. அதற்குப் பதிலாக, புளிக்காத 1 லிட்டர் கெட்டித் தயிரை மல் துணியில் கட்டி 6 மணி நேரம் குளிர்பெட்டியில் தொங்கவிடுங்கள். நீர் வடிந்த தயிரைக் கரண்டியால் அடித்து, பொடியாக அரிந்த 4 சின்ன வெங்காயம், நசுக்கிய ஒரு பல் பூண்டு, ஒரு கைப்பிடி வெங்காயத்தாள், ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் கலந்து 2 மணி நேரம் ஊறவிட வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கோடு சாப்பிடலாம். கொத்தமல்லியைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள், சேர்த்தால் அது ராய்த்தாவாகிவிடும்.

காட்பாடி வாசகர் எழுதியது:

படிப்புக்காக லியோனில் 2 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. நெசவாளர்கள் குடியிருந்த குரோவா ரூஸ் குன்றில் வீடுகளின் உள்கூரை ஏறத்தாழ 4 மீட்டர் உயரம் இருக்கும். ஜக்கார்டு தறி உள்ளே நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். துணிக்கு நியாயமான கூலி நிர்ணயிக்கக் கேட்டு 1831-இல் அந்தக் குன்றிலிருந்து அவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். விடியற்காலையிலேயே வேலையில் இறங்கிவிட்டவர்கள் முற்பகலில் கூடி உண்ட கனமான காலை உணவுக்கு மஷோன் என்று பெயர். குடலும் மற்ற உள்ளுறுப்புகளும் விலை குறைவாகக் கிடைத்ததால் அவையே அதில் முதன்மை பெற்றன. இன்றும் பூஷோன் எனப்படும் சிறு உணவகங்களில் அவை பரிமாறப்படுகின்றன.

இந்தச் சமையலை உலகம் அறியச் செய்தவர்கள் பெண்கள். பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக உணவகம் திறந்த அவர்களை ஊரார் ‘அம்மா’ என்ற பொருளில் ‘மேர்’ என்று அழைத்தார்கள். பண்ணைக் குடும்பத்தில் 1895-இல் பிறந்த யூஜெனி பிராசியே 1921-இல் லியோனில் தம் உணவகத்தைத் தொடங்கினார். 1933-இல் அவருடைய இரண்டு உணவகங்களும், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லான் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றன. பிற்காலத்தில் பெரும்புகழ் அடைந்த சமையல் கலைஞர் போல் பொக்கூஸ் அவரிடம் வேலை பழகியவர். இதை நான் ஒவ்வொரு முறையும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

சத்துவாச்சாரி நண்பரோடு ஒரே ஓர் இடத்தில் வேறுபடுகிறேன். நம் கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் கட்டி உருகும், ஆனால் அதன் உப்பு வெங்காயத்தின் இனிப்பை அமுக்கிவிடும். நல்ல சீஸ் கிடைக்காவிட்டால் வெறும் வெண்ணெய் தடவி வாட்டிய ரொட்டியே மேல். பனீர் உருகவே உருகாது என்பதால் அதை முயலவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வினிகர் கோழி செய்யுங்கள். கறிக்கடையில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள்; தோலோடு வேண்டும் என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். 1 கிலோ கோழியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, ஈரம் போகத் துடைத்து, வெண்ணெயில் மூடி போடாமல் எல்லாப் பக்கமும் பொன்னிறமாக வறுத்து எடுத்து வையுங்கள். அதே வாணலியில் 6 பல் பூண்டும் 100 மில்லி வினிகரும் விட்டு, கால் பங்காகச் சுண்டியதும் நறுக்கிய 3 தக்காளியையும் கோழியையும் போட்டு 25 நிமிடம் சிறு தீயில் வேகவிட்டு, கடைசியில் இரண்டு கரண்டி பாலேடு சேர்க்க வேண்டும். வெள்ளை நிறச் செயற்கை வினிகர் தொண்டையைப் பிடிக்கும். பழச்சாற்றைப் புளிக்கவைத்து எடுத்த வினிகராக வாங்குங்கள். மிளகாய் போடத் தோன்றும், போடாதீர்கள். மிளகுத்தூள் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

பேரணாம்பட்டு எழுதியது:

குடல் என்றவுடன் எழுதத் தோன்றியது. கிரா தூப்ல் என்ற லியோன் குடல் பண்டம் நம் போட்டி வறுவலுக்கு மிக நெருங்கியது, மசாலா மட்டும் கிடையாது. ஆட்டுக்குடலைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீரில் முக்கிச் சுரண்டி, நான்கு முறை அலசுங்கள். குக்கரில் முழு மிளகு, பிரிஞ்சி இலை, ஒரு வெங்காயம் சேர்த்து 6 விசில் விட்டு, வடித்து, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, விரல் அகலத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். வெண்ணெயில் ஓரம் மொறுமொறுவென்று ஆகும்வரை புரட்ட வேண்டும். வெங்காயத்தைத் தனி வாணலியில் வதக்கிக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் வெங்காயம் விடும் நீரில் குடல் மறுபடியும் சொதசொதவென்று ஆகிவிடும். இறக்கும்போது சூடான வாணலியின் ஓரமாக ஒரு கரண்டி வினிகர் ஊற்றினால் சுர்ரென்று ஆவி எழும்பும், அந்த ஆவியோடு குடலின் வாடையும் போய்விடும். லியோன் முறையில் உருளைக்கிழங்கு வறுப்பதற்கும் இதே கணக்குதான்: கிழங்கு தனியாக, வெங்காயம் தனியாக.

ஆரணித் தறிவீடு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வெங்காயத்தோடு 1 மணி 10 நிமிடம் நின்றேன். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. அதன் பிறகு கால் மணி நேரத்துக்குள் நிறம் மளமளவென்று மாறியது. தண்ணீர் தெளித்துச் சுரண்டும்போது எழுந்த வாசனைக்குத் தறியை நிறுத்திவிட்டு அப்பா சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். ரொட்டிக்கு வெண்ணெய் மட்டுமே தடவினேன், சீஸ் போடவில்லை.

வெள்ளிக்கிழமை தயிரை வடிகட்டிச் செய்து வைத்தேன். உருளைக்கிழங்கோடு கொடுத்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மிச்சம் இருந்ததைக் கேழ்வரகு அடைக்குத் தொட்டுக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் தயிர் கட்டி வைக்கச் சொன்னார். கோழிக்குத் தோலோடு சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டு எழுதுகிறேன்.