பெரிய கோப்புகளைப் பிஎச்பி வழியே தரும்போது தளம் முடங்குகிறது

கேள்வி:
கட்டணம் செலுத்திய உறுப்பினர்களுக்குப் பயிற்சிக் காணொளிகளை வழங்கும் தளம் ஒன்றை என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சேவையகம், பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் ஆகியவற்றைக் கொண்டு நடத்துகிறேன். உள்நுழைவைச் சரிபார்த்தபின் பிஎச்பியின் ரீட்ஃபைல் செயல்கூறு மூலம் கோப்பை அனுப்புகிறேன்; பல கோப்புகள் 2 ஜிபிக்கும் மேல். ஒரே நேரத்தில் பலர் பதிவிறக்கினால் மற்றப் பக்கங்கள் திறப்பதில்லை. பாதியில் அறுந்த பதிவிறக்கமும் மறுபடி முதலிலிருந்தே தொடங்குகிறது. நினைவக வரம்பை உயர்த்திப் பார்த்தும் பயனில்லை.

மறுமொழி 1:
நினைவகத்தின்மேல் பழி போட வேண்டாம். ரீட்ஃபைல் கோப்பைச் சிறு துண்டுகளாகத்தான் படித்து அனுப்பும்; வெளியீட்டை உடனே அனுப்பாமல் நினைவகத்தில் சேர்த்துவைக்கும் அவுட்புட் பஃபரிங் இயங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே நினைவகம் நிரம்பும். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பிஎச்பி தருவதை என்ஜின்எக்ஸ் வாங்கித் தற்காலிகக் கோப்பில் சேர்த்துக்கொள்ளும் என்றாலும், அதன் இயல்பான உச்சவரம்பு 1 ஜிபி என்பதால், அதற்குமேல் மெதுவான இணைப்பில் இருப்பவர் வாங்கும் வேகத்துக்கே பிஎச்பி செயல்முறையும் நகரும். ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய பிஎச்பி செயல்முறைகளுக்கான வரம்பாகிய மேக்ஸ்_சில்ட்ரன் எண்ணிக்கை தீர்ந்ததும் பிறர் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே, அனுமதியைச் சரிபார்ப்பதோடு பிஎச்பியின் வேலை முடியட்டும். கோப்புக்குப் பதிலாக, எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்னும் ஹெடரில் (பதிலின் தலைப்பு வரியில்) அதன் உள்முகவரியை மட்டும் அனுப்புங்கள். என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில் அந்த முகவரிக்குரிய லொக்கேஷன் பகுதியில் 'இன்டர்னல்' என்று எழுதி, 'ஆலியஸ்' மூலம் உண்மையான அடைவைக் காட்டினால், வெளியிலிருந்து நேரே கேட்பவருக்கு 404 (கோப்பு இல்லை) என்ற பதில்தான் கிடைக்கும். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்கு 206 (பகுதி மட்டும்) என்று பதிலளித்து, பதிவிறக்கம் அறுந்த இடத்திலிருந்து தருவதையும் என்ஜின்எக்ஸே பார்த்துக்கொள்ளும்.

மறுமொழி 2:
அப்பாச்சி என்னும் வலைச் சேவையகத்தில் இதே வேலைக்கு மாட்_எக்ஸ்செண்ட்ஃபைல் என்னும் கூறு உண்டு. ஆனால் அங்கே தர வேண்டியது வட்டிலுள்ள கோப்பின் பாதை, என்ஜின்எக்ஸில் தருவதோ முகவரி. இதைக் குழப்பிக்கொண்டு 404 வாங்குவோர் பலர். கோப்புப் பெயர் தமிழில் இருந்தால், அந்த முகவரியைச் சதவீதக் குறியாக்கம் (எழுத்துகளை % குறியுடன் கூடிய எண்களாக மாற்றுதல்) செய்தே அனுப்புங்கள்.

வினவியவர்:
மாற்றிவிட்டேன், பக்கங்கள் இப்போது தடையின்றித் திறக்கின்றன, நன்றி ஐயா. தளம் எச்டிடிபிஎஸ்-இல் இயங்குகிறது. 'செண்ட்ஃபைல்' வசதியையும் இயக்கினால் வேகம் கூடுமா?

மறுமொழி 1:
வேகம் பெரிதாகக் கூடிவிடாது. செண்ட்ஃபைல் என்பது கோப்பை இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளிருந்தே நேராக இணைப்புக்குத் தள்ளும் வழி. எச்டிடிபிஎஸ்-இலோ என்ஜின்எக்ஸ் தரவை வாங்கி மறையாக்கம் செய்தாக வேண்டும். கெர்னலே மறையாக்கம் செய்யும் கேடிஎல்எஸ் வசதியை என்ஜின்எக்ஸ் 1.21.4 முதல் பயன்படுத்தலாம். அதற்கு மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு அந்த வசதியுடன் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் நெரிசல் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால், செயலியின் (சிபியூ) சுமை உண்மையிலேயே உயர்ந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.