ரிவ்யூவர் 2 முட்டைக்கு சாட்சி கேக்குறாரு, என்னன்னு பதில் எழுதுறது?

சுண்ணாம்புக்காரி
வணக்கம் எல்லாருக்கும். பிஎச்டி மூணாவது வருஷம், ஊரு காரைக்குடி பக்கம். நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பத்தி முதல் பேப்பர் ஒரு ஜர்னலுக்கு அனுப்பியிருந்தேன், நாலு மாசம் கழிச்சு மேஜர் ரிவிஷன்னு (நெறைய திருத்தி அனுப்பணும்) வந்து நிக்குது, 60 நாள் டைம். பேப்பரை மதிப்பிட்ட ரெண்டு பேர்ல முதல் ரிவ்யூவர் தங்கமான ஆளு, படத்துல ஸ்கேல் பார் இல்ல, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வச்சுப் பாக்குற சோதனை) பீக்குக்கு பேர் போடலன்னு சில்லறையா சொல்லிட்டுப் போயிட்டாரு. ரெண்டாவது ஆளு 19 பாயிண்ட். அதுல மூணு தூங்க விடல.

வளவுப் (வீட்டு முற்றப் பகுதி) பூச்சுல முட்டை வெள்ளைக்கரு சேர்த்திருக்குன்னு எழுதியிருந்தேன், ஆதாரம் எங்கங்கறாரு. எங்கப்பா கொத்தனாரு, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு மராமத்துதான் இருபது வருஷமா பாக்குறாக. கமெண்ட்டைத் தமிழ்ல சொல்லிக் காட்டுனேன், "முட்டைய உடைச்சு ஊத்துனவன் நாந்தான், அந்தாளுக்கு இன்னும் என்ன சாட்சி வேணுமாம்"னு கேட்டுட்டு டீயக் குடிக்கிறாக. இதையா லெட்டர்ல எழுத முடியும்? எஃப்டிஐஆர்ல (அகச்சிவப்பு ஒளிய வச்சு என்ன பொருள்னு பாக்குற சோதனை) 1650 கிட்ட சின்னதா ஒரு மேடு இருக்கு, அத வச்சுத்தான் புரோட்டீன்னு எழுதினேன். அப்புறம் அஞ்சு பேப்பரை சைட் பண்ணச் (மேற்கோளாக் காட்டச்) சொல்றாரு, அஞ்சும் ஒரே ஆளு எழுதுனது, யாருன்னு ஊகிக்க பெரிய மூளை வேணாம். கடைசியா இன்ட்ரோவ பாதியாக் குறைங்கறாரு, முதல் ரிவ்யூவரோ அதே இன்ட்ரோல பூச்சுல சேர்க்கிற கடுக்காய் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதுங்கறாரு. கைடு "நீயே எழுதிட்டு வாம்மா, பாப்போம்"னுட்டாரு.

தேவகோட்டை ரஸ்தா
தங்கச்சி முதல்ல ரெண்டு நாள் அந்த மெயிலத் தொறக்காத. எனக்கு கமெண்ட் வந்த அன்னைக்கே கோவத்துல பதில் அடிச்சு, நல்லவேளை அனுப்பல, இப்ப படிச்சா எனக்கே வெக்கமா இருக்கு.

அப்புறம் ஒரு ஃபைல்ல அவர் எழுதுன கமெண்ட் ஒவ்வொண்ணையும் ஒரு எழுத்து மாத்தாம ஒட்டு, அதுக்குக் கீழ வேற கலர்ல உன் பதில், அதுக்குக் கீழ பேப்பர்ல மாத்துன வாக்கியத்தையே அப்படியே எடுத்துப் போடு, பக்கம் வரி நம்பரோட. 19ல ஒண்ணு கூட விடக்கூடாது, ஸ்பெல்லிங் சொல்லியிருந்தாலும் "திருத்திட்டோம்"னு ஒரு வரி இருக்கணும். ரெண்டு பேரும் முரணா சொன்னதுக்கு ரெண்டு பேர் பதில்லயும் அதைச் சொல்லிரு, எடிட்டருக்கு எழுதுற கவர் லெட்டர்லயும் "இப்படி ரெண்டு விதமா வந்துச்சு, நாங்க இதை எடுத்துக்கிட்டோம், காரணம் இது"ன்னு போடு. முடிவு எடுக்கிறது எடிட்டர்தான், ரிவ்யூவர் இல்ல. பொதுவா இருக்கிற வரலாற்றை வெட்டிட்டு கடுக்காய்க்கு நாலு வரி சேர்த்தா ரெண்டு பேருக்கும் சரியாப் போயிரும்.

பர்மா தேக்கு
அஞ்சு பேப்பர்தானே, போட்டுட்டுப் போயிரு. டிகிரி முக்கியமா மானம் முக்கியமா.

செக்காலை வாத்தியார்
பர்மா தேக்கு தம்பி, அப்படி இல்லப்பா. தன் பேப்பரை ஏத்திவிடறதுக்காகவே சைட் பண்ணச் சொல்லக் கூடாதுன்னு கோப் (COPE, ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளுக்கான அமைப்பு) அமைப்போட ரிவ்யூவர் வழிகாட்டுதல்லயே இருக்கு. அம்மா, நீங்க அஞ்சையும் படிங்க. சுண்ணாம்புக்கு சம்பந்தப்பட்டது ஒண்ணோ ரெண்டோ இருந்தா சேருங்க, மத்ததுக்கு "வாசிச்சோம், எங்க வேலை பழைய பூச்சு, இவை சிமெண்ட் பத்தினவை, அதனால சேர்க்கல"ங்கற மாதிரி மரியாதையா எழுதுங்க. ரொம்ப உறுத்தினா எடிட்டருக்குத் தனியா ஒரு மெயில்.

முட்டை விஷயத்துக்கு வருவோம். நானும் ரிவ்யூ பண்றவன்தான், கோச்சுக்காதீங்க, அவர் கேட்டது நியாயம். 1650ங்கறது புரோட்டீன் காட்டுற 'அமைடு-1' பீக்குன்னு சொல்லலாம்தான், ஆனா சாம்பிள்ல ஈரம் இருந்தா தண்ணியும் 1640 கிட்டயே வந்து உக்காந்துக்கும், கடுக்காய் டானினும் (துவர்ப்புப் பொருள்) 1600 சொச்சத்துல தலை காட்டும். 1540ல புரோட்டீனோட இன்னொரு பீக்கு 'அமைடு-2' தெரியுதான்னு பாத்தா கால்சைட்டோட (இறுகின சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட்) 1420 பீக்கு அகலமா பரந்து அதை முழுங்கிரும். கொஞ்சம் பொடிய நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போட்டு கார்பனேட்டைக் கரைச்சு, மிச்சத்தக் கழுவிக் காயவச்சு அதை எடுத்துப் பாருங்க.

அதைவிட ஒண்ணு. உங்கப்பா முட்டை உடைச்சது அவுக மராமத்து பண்ணின செவுத்துக்கு. நீங்க சாம்பிள் எடுத்தது எந்தச் செவுரு?

சுண்ணாம்புக்காரி
ஐயோ சார். சாம்பிள் பழைய பூச்சு, வீடு கட்டுனப்ப பூசுனது, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். அப்பா தொடாத செவுரு. ரெண்டையும் ஒண்ணா நெனச்சே எழுதிட்டேன், இப்பதான் உறைக்குது.

செக்காலை வாத்தியார்
அப்ப உங்கப்பாதாம்மா உங்களுக்குக் கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பாக்குறதுக்கான ஆதாரம். முட்டை போட்டது நிச்சயமாத் தெரிஞ்ச பூச்சு அவுக கையில இருக்கு, அதுலேருந்து கொஞ்சம் சுரண்டி எடுங்க, முட்டை போடாத பூச்சும் ஒண்ணு எடுங்க, மூணையும் ஒரே மாதிரி ஆசிட்ல கரைச்சு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பழைய செவுத்துல தெரிஞ்சா சந்தோஷம். தெரியலன்னா பேப்பர்ல "சேர்க்கப்பட்டது"ங்கறதை "சேர்ப்பது வழக்கம்னு கொத்தனார்கள் சொல்றாங்க, எங்க மாதிரியில உறுதி பண்ண முடியல"ன்னு மாத்துங்க, லிமிடேஷன்லயும் (ஆய்வோட குறைகளைச் சொல்ற பகுதி) ஒரு வரி. இந்த வயசுப் பூச்சுல புரோட்டீன் சிதைஞ்சும் போயிருக்கலாம், அதையும் சொல்லுங்க. டைம் பத்தலன்னா இப்பவே எடிட்டருக்கு எழுதி ஒரு மாசம் கேளுங்க, கடைசி நாள் வரைக்கும் வச்சிருக்காதீங்க.

சுண்ணாம்புக்காரி
ரொம்ப நன்றி சார், அண்ணனுக்கும். எக்ஸ்டென்ஷன் மெயில் போட்டுட்டேன். அப்பாட்ட சொன்னேன், முதல்ல "அவன் கேட்டான்னு நான் பூசின செவுத்தையே சுரண்டணுமா"ன்னு எகிறுனாக, அப்புறம் அவுகளே ரெண்டாங்கட்டுல தூணுக்குப் பின்னால எங்க சுரண்டுனா தெரியாதுன்னு சொல்லிட்டாக, பெருங்கலவைக்கு எத்தனை முட்டைங்கற கணக்கையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. வீட்டுக்குச் சொந்தக்காரப் பங்காளிக எட்டுப் பேர்ல ஒருத்தர் சரின்னு சொன்னா போதுமாம், எந்த ஒருத்தர்னுதான் வாட்ச்மேனுக்கே தெரியல.